தை மாசம் வந்துருவேன்னு சொல்லு

மத்திகிரி,
10.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க நாத்தனார் லாவண்யா எழுதறது. வேலூர் வெயில்ல எப்படி இருக்கீங்களோன்னு இங்க எல்லாருக்கும் அதே நெனப்புத்தான். லாட்ஜ் ரூம்ல காத்து வருதா? கஞ்சி காய்ச்ச அடுப்பு வெக்க விடறாங்களா? இங்க நானும் எங்க வீட்டுக்காரரும் நல்லா இருக்கோம். உங்க செடிங்களுக்குத் தினமும் தண்ணி ஊத்தறேன், அதைப் பத்திக் கவலைப்படாதீங்க.

ஆஸ்பத்திரியில தொண்டைக் கட்டிக்குக் கரண்ட் வெக்கறதுல உங்களுக்குச் சத்தமே வரலைன்னும், செல்போனைப் பார்த்தா கண்ணுல தண்ணி கொட்டுதுன்னும் அண்ணன் சொன்னாரு. "பேப்பர்ல எழுதுனா நிம்மதியாப் படிக்கறா, நீ லெட்டர் போடு"ன்னாரு. நான் கடைசியா லெட்டர் எழுதுனது பத்தாவது பரீட்சையில, அதுவும் தெருவிளக்கு எரியலைன்னு ஆணையருக்கு! தப்பு இருந்தா சிரிச்சிக்கோங்க.

கிளாஸ் விஷயத்துக்கு வரேன். "நான் வர்ற வரைக்கும் நீதான் பார்த்துக்கணும்"னு மாடி ஹாலை என் தலையில கட்டிட்டுப் போயிட்டீங்க. கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன்ல நிக்கறவ கையில டான்ஸ் கிளாஸைக் குடுத்தா என்ன ஆகும்? குவாலிட்டி செக்கிங்தான் ஆகும். எங்க லைன்ல ஒட்டற ஸ்டிக்கர் கொஞ்சம் எடுத்துட்டு வந்தேன். நல்லா ஆடுனா பச்சை, சுமாரா ஆடுனா மஞ்சள், சரியில்லைன்னா செவப்பு. தோள்ல ஒட்டி விட்டேன். அடேயப்பா, பிள்ளைங்க என்னமா போட்டி போடுதுங்க! ஜாஸ்லின் பச்சை வாங்கிட்டு மாடியை விட்டு எறங்கவே மாட்டேங்குது. லியோ மஞ்சளைக் கிள்ளிப் போட்டுட்டு மறுபடி ஆடிப் பச்சை வாங்கினான்.

அந்தக் கவிப்ரியா மட்டும் காலைத் தூக்கவே இல்ல. செவப்பு ஒட்டினேன். ஒட்டின எடத்தையே பார்த்துச்சு, போயி மூலையில பாயில உக்காந்துருச்சு. கூப்பிட்டாலும் வரல. என்ன வீம்பு அண்ணி அதுக்கு! உங்களுக்குன்னா மட்டும் ஆடுமா?

என் ஐடியா எப்படின்னு எழுதுங்க. வேளாவேளைக்கு மாத்திரை போடுங்க.

உங்க பாசமுள்ள,
லாவண்யா


வேலூர்,
19.6.2024

அன்புக் கண்ணு லாவண்யாவுக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. ஆணையருக்கு எழுதுனதைப் படிச்சுட்டுச் சிரிச்சேன், சத்தம்தான் வரல. நான் நல்லா இருக்கேன். கஞ்சி எறங்குது. உங்க அண்ணன்தான் எளைச்சுப் போயிட்டாரு, ஓட்டல் சோறு ஒத்துக்கல. உன் வீட்டுக்காரர் முனிவேலுக்குக் கம்பெனி பஸ் ஷிஃப்ட் மாறிடுச்சா? நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு.

கண்ணு, கோவிச்சுக்காதே. அந்த ஸ்டிக்கரை இனிமே கொண்டு வராதே.

நம்ம கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் யாரு? லைன்ல வேலை பார்க்கறவங்க பிள்ளைங்க. செவப்பு ஒட்டுன பீஸ் குப்பைக்குத்தான் போகும்னு உனக்குத் தெரியற மாதிரி அதுங்களுக்கும் தெரியும். சாப்பிடும்போது அப்பாங்க பேசறதே அதுதானே. கவிப்ரியாவோட அப்பா சுடலைமுத்து தகடு அடிக்கற பிரஸ் ஷாப்புல இருக்காரு. நீ தோள்ல ஒட்டுனது அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லியிருக்கும்னு யோசிச்சுப் பாரு. நீ வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும்.

அவளைப் பத்தி உனக்கு நான் முழுசாச் சொல்லல. போன வருஷம் அவ அம்மா பிரசவத்துல தவறிட்டாங்க. குழந்தையும் தங்கல. கவிப்ரியா அன்னிக்கு ஸ்கூல்ல இருந்தா. உடம்பைத் தூக்கிட்டுச் சொந்த ஊர் திருநெல்வேலிக்குப் போயி எல்லாம் முடிச்சுட்டு வந்து, "அம்மா ஊருக்குப் போயிருக்கா, வந்துருவா"ன்னு சொல்லிட்டாங்க. அது சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் மத்திகிரி பஸ் ஸ்டாப்புல போயி நிக்குமாம். டவுன் பஸ் ஒவ்வொண்ணா வந்து ஆள் எறங்கறதைப் பார்த்துட்டு நிக்குமாம். கடைசியில ஸ்கூல்ல ஒரு பிள்ளைதான் போட்டு உடைச்சுது. அதுக்கப்புறம் ரொம்ப நாள் அது யாருகிட்டயும் வாயைத் திறக்கல. அவங்க குடியிருக்கற வீட்டு ஓனர் சாந்தம்மாதான் கையைப் புடிச்சு நம்மகிட்ட கூட்டிட்டு வந்தாங்க.

முதல்ல பாயிலதான் உக்காந்திருந்தா. அந்தப் பாய் அதுக்குத்தான். யாரு வேணும்னாலும் எழுந்து போயி உக்காரலாம், ஏன்னு நான் கேக்கறதில்ல. தப்புன்னு சொல்றதில்ல, இன்னொரு தடவைன்னு சொல்வேன். முட்டியைத் திருத்தணும்னா தொடட்டுமான்னு கேட்டுட்டுத்தான் தொடுவேன். தாளம் போடற தட்டுக்கழியைப் புதுப் பிள்ளைங்க முன்னாடி ஓங்கித் தட்ட மாட்டேன், எந்தச் சத்தத்துக்கு எது பயந்துருக்கோ நமக்கு எப்படித் தெரியும்? முக்கியமா ஒண்ணு. அந்த ஹால்ல நடக்காததைச் சொல்லாதே. வாங்கித் தரேன், கூட்டிட்டுப் போறேன்னு சும்மா சொல்லாதே. அவ எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருப்பா.

நானே ஒண்ணு சொல்லித்தான் வெச்சிருக்கேன். தை மாசம் பூஜை போட்டு அவ காலுக்கு முதல் சலங்கையை நான் கட்டி விடறேன்னு.

போயி அவ பக்கத்துல பாயில உக்காரு. மிட்டாய் குடுத்துச் சமாதானம் பண்ணாதே. சும்மா உக்காரு.

உன் நல்லதையே நினைக்கும் அண்ணி,
பூங்கொடி


மத்திகிரி,
22.7.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு எப்படி இருக்கு? கரண்ட் முடிஞ்சு ஊசி மருந்து ஆரம்பிச்சுட்டாங்கன்னு அண்ணன் சொன்னாரு. முடி கொட்டுதுன்னு வருத்தப்படாதீங்க, வளர்ந்துரும். இங்க எல்லாரும் சுகம்.

உங்க லெட்டரைப் படிச்சுட்டு எனக்குச் சோறு எறங்கல அண்ணி. ச்சீ, நான் எல்லாம் ஒரு மனுஷியான்னு ஆயிடுச்சு. கம்பெனியில அன்னிக்கு ஒவ்வொரு செவப்பு ஒட்டும்போதும் அந்தப் பிள்ளை மூஞ்சிதான். கவிப்ரியா கிளாஸுக்கு வர்றதையே நிறுத்திடுச்சு. நான் சுடலைமுத்து வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டு, கூப்பிடாமலே திரும்பி வந்தேன். சாந்தம்மாதான் பாதி கன்னடம் பாதி தமிழ்ல என்னை ஒரு வாங்கு வாங்கிட்டு, "பிடம்மா, விடு, நான் கூட்டிட்டு வரேன்"னு சொல்லி, கூட்டிட்டும் வந்தாங்க.

வந்ததும் நேரா பாய்தான். நீங்க சொன்ன மாதிரி நானும் போயி உக்காந்தேன். ஒண்ணும் பேசல. என்னால பேசாம இருக்க முடியும்னு எங்க வீட்டுக்காரர் கேட்டா நம்புவாரா? அடுத்த வாரமும் உக்காந்தோம். அதுக்கு அடுத்த வாரம் எழுந்து போயி அரைமண்டியில நின்னு காட்டினேன், பாதியில கால் மடங்கி தொப்புன்னு விழுந்தேன். நடிக்கல அண்ணி, நெஜமாவே விழுந்தேன். மொத்தக் கிளாஸும் சிரிச்சுது. கவிப்ரியா எழுந்து வந்து, "முட்டியை இப்படி வெளிய திருப்பணும் டீச்சர், தொடட்டுமா?"ன்னு கேட்டுச்சு. தொடட்டுமான்னு கேட்டுச்சு அண்ணி! எனக்கு அழுகை வந்துருச்சு, வேர்வை மாதிரி தொடச்சிக்கிட்டேன்.

செருப்புப் போடும்போது கேட்டுச்சு, "பூங்கொடி டீச்சர் எப்ப வருவாங்க?"ன்னு. அடுத்த மாசம்னு சொன்னேன். சரிதானே?

உங்க,
லாவண்யா


வேலூர்,
14.8.2024

அன்புக் கண்ணு,

நீ விழுந்ததை உங்க அண்ணன்கிட்ட எழுதிக் காட்டினேன். அவரும் சிரிச்சாரு, ரொம்ப நாளைக்கு அப்புறம். இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல. நீ சுகமா இருந்தாப் போதும்.

அடுத்த மாசம்னு சொல்லாதே. கொஞ்சம் இழுக்கும் போல இருக்கு. தை மாசம் வந்துருவேன்னு சொல்லு. அவகிட்ட ஏற்கெனவே சொன்னதுதானே.

புது அட்மிஷன் வந்தா உன் பேர்லயே போட்டுக்கோ, என்னைக் கேட்டுட்டு இருக்காதே. பீரோவுல பச்சை அரக்கு பார்டர் பட்டு இருக்கு, அதை எடுத்து நீ கட்டிக்கோ, சும்மா மடிப்புல கெடந்து வீணாப் போவுது. இப்ப என்னைப் பார்க்க வர வேண்டாம். கிளாஸை விட்டுட்டு அலையாதே.

கை வலிக்குது, இதோட நிறுத்தறேன்.

அண்ணி,
பூங்கொடி


மத்திகிரி,
9.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க லெட்டர் இவ்வளவு சின்னதா இருந்தா எனக்கு எப்படி மனசு ஆறும்? இங்க நாங்க நல்லாத்தான் இருக்கோம். நீங்க எப்படின்னு ஒரு வரி கூட எழுதலையே.

கிளாஸ் நல்லாப் போவுது. தெலுங்குக்காரப் பிள்ளைங்க ரெண்டு புதுசா வந்திருக்கு. ஒண்ணு கதவைத் தாண்டி உள்ள வராம அம்மா சேலையையே புடிச்சிட்டு நின்னுச்சு. கவிப்ரியாதான் பாயை இழுத்துக் கொண்டு போயி கதவுகிட்ட போட்டுட்டு வந்தா. நான் சொல்லல, அதுவே செஞ்சுது. அந்தப் பிள்ளை வாசல்லயே உக்காந்து பூரா கிளாஸும் பார்த்துச்சு.

கவிப்ரியா இப்ப முன்வரிசையில நிக்கறா. நாட்டடவுல கண்ணு கையோட போவுது. வாய்விட்டு "தெய்யும் தத் தத்"னு நானும் சொல்றேன், உங்க குரல்ல இருக்கற கணீர் எனக்கு வரல. "பூங்கொடி டீச்சர் சொன்னா கால் தானாப் போகும்"னு லியோ சொல்லுச்சு. நல்ல மார்க் போட்டுட்டான் எனக்கு!

தை மாசம்னு சொல்லிட்டேன். அதுலயும் ஒரு கூத்து. சாந்தம்மா "சங்கராந்திக்கு வருவாங்க"ன்னு சொல்ல, தை வேற சங்கராந்தி வேறயான்னு அந்தப் பிள்ளை குழம்பிப்போயி அழ ஆரம்பிச்சுருச்சு. ரெண்டும் ஒண்ணுதான்னு காலண்டர்ல காட்டினேன். அப்புறம்தான் அடங்குச்சு. ஒவ்வொரு கிளாஸ் முடிஞ்சும் கேக்குது அண்ணி. சந்தேகப்பட்டுக் கேக்கல, நான் சொல்றதைக் கேட்டுட்டு ஒரு சிரிப்பு சிரிக்கறதுக்குத்தான் கேக்குது.

இப்ப நான் கேக்கறேன். பட்டுச் சேலையை எதுக்கு எனக்குக் கட்டிக்கச் சொல்றீங்க? அது உங்க கல்யாணச் சேலை. அட்மிஷன் எதுக்கு என் பேர்ல? டாக்டர் என்ன சொன்னாரு? அண்ணன் போன்ல "ம்ம், பார்க்கலாம்"னு வெச்சிடறாரு. எனக்குப் பயமா இருக்கு. நெஜத்தைச் சொல்லுங்க.

உங்க லாவண்யா


வேலூர்,
21.10.2024

அன்புக் கண்ணு லாவண்யாவுக்கு,

பதில் போட நாள் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோ. மழையில நனையாதே, உனக்கு உடனே சளி புடிக்கும். தீபாவளிக்கு உங்க அண்ணனை அனுப்பி வெக்கறேன், நல்ல சாப்பாடா போடு.

பாயைக் கதவுகிட்ட கொண்டு போயிப் போட்டாளா? அதை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

பிள்ளைங்களுக்கு ஒரு லெட்டர் இதுகூட வெச்சிருக்கேன். எல்லாரையும் உக்கார வெச்சு சத்தமாப் படி. டீச்சர் நல்லா ஆயிட்டேன், தை மாசம் வந்துருவேன், கவிப்ரியாவுக்கு என் கையாலயே சலங்கை கட்டுவேன்னு எழுதியிருக்கேன். சந்தோஷமாப் படி, உன் மூஞ்சி வாடுனா அதுங்க கண்டுபிடிச்சிரும்.

அண்ணி,
பூங்கொடி


மத்திகிரி,
4.11.2024

அண்ணி,

அண்ணன் வேலூர் பஸ் ஏறிட்டாரு. இந்நேரம் உங்ககிட்ட வந்து சேர்ந்திருப்பாரு. நல்லா இருக்கீங்களான்னு இந்தத் தடவை நான் கேக்கப் போறதில்ல.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கிக் குடுத்தேன். டீ கிளாஸைக் கையில வெச்சிட்டு அழுதாரு அண்ணி. அத்தனை கூட்டத்துல. எனக்கு வெவரம் தெரிஞ்சு அவரு அழுது நான் பார்த்ததே இல்ல. ஆடி மாசமே டாக்டர் சொல்லிட்டாராமே. கரண்டும் கேக்கல, ஊசியும் கேக்கல, இனிமே வலி தெரியாம பார்த்துக்கறதுதான்னு சொல்லிட்டாராமே. அந்த வாரம்தானே "தை மாசம் வந்துருவேன்னு சொல்லு"ன்னு எனக்கு எழுதுனீங்க? எப்படி மனசு வந்துச்சு?

நான் யாரு உங்களுக்கு? நீங்க கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நம்ம ரெண்டு பேருக்குள்ள ஒளிவு மறைவு இருந்துச்சா? என்கிட்டயே பொய் சொல்லிட்டீங்க. அது போகட்டும், நான் எருமை மாடு, தாங்கிக்குவேன். என்னை வெச்சு அந்தப் பிள்ளைகிட்ட பொய் சொல்ல வெச்சீங்களே. "நடக்காததைச் சொல்லாதே"ன்னு நீங்கதானே எழுதுனீங்க? நீங்க எழுதுனதை நம்பித்தானே அந்த ஹால்ல நான் வாயைத் திறக்கறேன்?

பிள்ளைங்களுக்கு எழுதுன லெட்டரை நான் படிக்கல. திருப்பி அனுப்பறேன். தை மாசம் பொறந்து நீங்க வரலைன்னா அவ என்ன செய்வான்னு உங்களுக்குத் தெரியாதா? பஸ் ஸ்டாப்புல போயி நிப்பா. அவங்க அம்மாவுக்கு நின்ன மாதிரியே நிப்பா. மறுபடியும் அதே பிள்ளையை அதே எடத்துல நிக்க வெக்கணுமா அண்ணி? அதுக்கப்புறம் அவ யாரை நம்புவா?

ரொம்பக் கோவமா எழுதிட்டேன். உங்க மேல கோவப்படற நேரமா இதுன்னு நெஞ்சு அடிச்சிக்குது. ஆனாலும் கிழிக்கல, அப்படியே அனுப்பறேன். நீங்க வேண்டாம்னாலும் வாரக் கடைசிக்கு முன்னாடி லீவு போட்டுட்டு வரேன். வர்றதைத் தடுக்காதீங்க.

லாவண்யா


வேலூர்,
5.12.2024

கண்ணு லாவண்யா,

நீ வந்துட்டுப் போயி ரொம்ப நாள் ஆயிடுச்சு, பேனா பிடிக்க இப்பத்தான் முடிஞ்சுது. நல்லபடியா ஊர் போயிச் சேர்ந்தேன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அன்னிக்கு நீ என் கையைப் புடிச்சிட்டு உக்காந்திருந்தே. ஒரு வார்த்தை கேக்கல. அங்க பாயில உக்கார்ற மாதிரியே உக்காந்திருந்தே. நல்ல டீச்சர் ஆயிட்டே.

உன் கோவம் நியாயம். ஏன் அப்படிச் செஞ்சேன்னு எனக்கே யோசிக்க நாள் ஆச்சு. பிள்ளைங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் செஞ்சேன்னு முதல்ல நெனச்சேன். அது பொய். டாக்டர் சொன்ன அன்னிக்கு எனக்கு இந்த உலகத்துல ஒண்ணுமே மிச்சம் இல்லாத மாதிரி ஆயிடுச்சு. எங்களுக்குன்னு ஒரு குழந்தையும் இல்ல. மத்திகிரியில ஒருத்தி என்னை எதிர்பார்த்து நாளை எண்ணிட்டு இருக்கான்னு நெனச்சாத்தான் காலையில எழுந்திரிக்கவே முடிஞ்சுது. அவ எனக்காகக் காத்திருக்கணும்னு நான் ஆசைப்பட்டேன். எனக்குச் சாக இஷ்டம் இல்ல லாவண்யா. கொஞ்சம் கூட இல்ல.

கீழ எழுதியிருக்கறதைப் படி. அவ அப்பாவைக் கேட்டுட்டுப் படி. பாயை நடுவுல போட்டுக்கோ.

"என் கண்ணுங்களா, கவிப்ரியா, டீச்சர் எழுதறேன். எனக்கு ஒடம்பு சரியாகல. டாக்டருங்க ரொம்ப முயற்சி பண்ணாங்க, ஆனா சரியாகாதுன்னு சொல்லிட்டாங்க. நான் தை மாசம் வர மாட்டேன். ஊருக்குப் போறேன்னும் சொல்ல மாட்டேன். நான் செத்துப் போயிடுவேன். அது உங்க யாராலயும் இல்ல, நீங்க எதுவும் செஞ்சதால இல்ல. கவிப்ரியா, சலங்கை கட்டறேன்னு சொன்னேன், என்னால முடியல, மன்னிச்சுக்கோ. யாரு கட்டணும்னு நீயே சொல்லு. வேண்டாம்னு தோணினாலும் சரி. அழணும்னா அழுங்க. கோவம் வந்தா கோவப்படுங்க, என் மேலயும் படலாம். உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுதான் என் வாழ்க்கையில எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை."

இவ்வளவுதான் கண்ணு. இதுக்கு மேல கை ஓடல.

அண்ணி


மத்திகிரி,
16.12.2024

என் அன்பு அண்ணிக்கு,

வலி கொஞ்சமாவது அடங்கி இருக்கணும்னு வேண்டிக்கிட்டே எழுதறேன். அண்ணனுக்கு நீங்க எழுதறது புரியுதா? எங்களைப் பத்தி நெனச்சு உடம்பை வருத்திக்காதீங்க.

சுடலைமுத்து அண்ணனைப் போயிப் பார்த்தேன். கேட்டதும் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுட்டாரு. "வேண்டாம்க்கா, பிள்ள தாங்காது. டீச்சர் ஊருக்குப் போயிட்டாவன்னு சொல்லிருங்க. ஒரு தடவ பட்டது போதும்"னாரு. "ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லித்தானே அண்ணா பஸ் ஸ்டாப்புல நின்னா"ன்னு மட்டும் கேட்டேன். தரையையே பார்த்துட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம், "நானும் வந்து படிக்கட்டுல நிக்கட்டுமா?"ன்னாரு.

பாயை நடுவுல போட்டேன். எல்லாரும் சுத்தி உக்காந்தாங்க. கஷ்டமான விஷயம் சொல்லப் போறேன்னு முதல்லயே சொன்னேன். ரெண்டாவது வரியிலேர்ந்து நிறுத்தி நிறுத்திப் படிச்சேன். ஜாஸ்லின் சத்தமா அழுதுச்சு. லியோ, "செத்துப் போறப்ப வலிக்குமா?"ன்னு கேட்டான். தெரியல, வலிக்காம இருக்க மருந்து குடுக்கறாங்கன்னு சொன்னேன்.

கவிப்ரியா அழல. எழுந்து வந்து என்னை அடிக்க ஆரம்பிச்சுட்டா அண்ணி. மடியில, தோள்ல, ரெண்டு கையாலயும். "தை மாசம்னு சொன்னே, தை மாசம்னு சொன்னே"ன்னு. ஆமா, சொன்னேன், தப்பாச் சொல்லிட்டேன்னு சொன்னேன். படிக்கட்டுலேர்ந்து அவ அப்பா ஓடி வந்தாரு, இருங்கன்னு கையைக் காட்டினேன். அவ ஓயற வரைக்கும் அடிச்சா. அப்புறம் என் மூஞ்சிகிட்ட வந்து கேட்டா: "இது நெஜமா? ஊருக்குப் போகலையா?" இல்ல கண்ணு, ஊருக்குப் போகல, இதுதான் நெஜம்னு சொன்னேன்.

அப்பத்தான் அவங்க அப்பாகிட்ட திரும்பி, "அம்மாவும் ஊருக்குப் போகலதானே?"ன்னா. அவளுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா வீட்டுல யாரும் அதுவரைக்கும் வாய்விட்டுச் சொல்லல போல. அந்த மனுஷன் அங்கயே மண்டி போட்டு உக்காந்து, "இல்ல தாயி, அம்மா செத்துப் போயிட்டா"ன்னு சொல்லிட்டு அப்படி ஒரு அழுகை அழுதாரு. அப்பாவும் மகளும் கட்டிப் புடிச்சிக்கிட்டாங்க. அன்னிக்கு யாரும் ஆடல.

அடுத்த நாள் கிளாஸுக்கு வந்து ஒரு பேப்பர் கேட்டா. எழுதுனதை என்னைப் பார்க்க விடல, அவளே மடிச்சுக் குடுத்தா. அப்படியே இதோட வெக்கறேன். நானும் பிரிக்கல.

அண்ணி, உங்களை விட்டுட்டு எப்படி இருக்கப் போறேன்னு எனக்குத் தெரியல. சொல்லாம இருக்க முடியல, சொல்லிட்டேன்.

உங்க,
லாவண்யா


பூங்கொடி டீச்சருக்கு,

நான் கவிப்ரியா. நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இல்லைன்னு லாவண்யா டீச்சர் சொன்னாங்க. எனக்கு நாட்டடவு வந்துடுச்சு. கோவமா இருந்துச்சு. இப்ப கொஞ்சம்தான் இருக்கு. வலிச்சா நீங்க பாயில படுத்துக்கோங்க, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. எங்க அம்மா போறப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன். யாரும் என்கிட்ட சொல்லல. அதனால நான் டாட்டா சொல்லல. நீங்க சொல்லிட்டீங்க. டாட்டா டீச்சர்.

இப்படிக்கு,
க. கவிப்ரியா, மூன்றாம் வகுப்பு
க இல்லை, சு. சு. கவிப்ரியா


காவேரிப்பட்டினம்,
20.1.2025

அன்புத் தங்கை லாவண்யாவுக்கு,

அண்ணன் கமலக்கண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை முனிவேலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உன் அண்ணிக்குக் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். பொங்கலுக்கு ஊரே கரும்பு வாங்கிக்கொண்டு போனது, நம் வீட்டில் அடுப்பே எரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே பெரியப்பா வீட்டில் இருந்துவிட்டு வேலைக்கு வருகிறேன். மாடி ஹாலை நிறுத்தாதே. சலங்கை விஷயத்தை நீயும் அந்தப் பிள்ளையும் பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

அவளைக் கடைசியாக உங்களுக்கெல்லாம் காட்ட மத்திகிரியில் வண்டியை நிறுத்தியபோது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அந்தப் பிள்ளை எழுதினதை அண்ணி படிச்சாங்களா?" என்று. அத்தனை பேர் முன்னால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போனிலும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

படித்தாள். தபால் வந்த அன்று ஆஸ்பத்திரியில் நல்ல நினைவோடு இருந்தாள். உன் லெட்டரை நான் படித்துக் காட்டினேன். பிள்ளையின் லெட்டரைப் பிரித்ததும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் படித்தாள். பெயரைத் திருத்தி எழுதியிருந்த இடத்தைக் காட்டிச் சிரித்தாள். அப்புறம் பேப்பரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, வலது கையை மெதுவாகத் தூக்கி ஆட்டினாள். நர்ஸம்மா ஓடி வந்து, "என்னம்மா வேணும், தண்ணியா?" என்று கேட்டார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கையை ஆட்டினாள். டாட்டா காட்டுகிறாள் என்று எனக்குத்தான் புரிந்தது.

முதலில் பிள்ளைக்குத்தான் காட்டுகிறாள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் என்னைப் பார்த்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். லாவண்யா, அத்தனை மாதமும் நான் அவளிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சரியாயிடும், சரியாயிடும். டாக்டர் சொன்ன பிறகும் அதையேதான் சொன்னேன். அவளும் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டுவாள். ரெண்டு பேருக்கும் தெரியும், ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. அன்றைக்கு அவள் கை அசந்து கீழே விழப் பார்த்தது. நான் அதை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்கி நானும் டாட்டா காட்டினேன்.

அண்ணன்,
கமலக்கண்ணன்